சட்டிக்கு மூடி சரி, சொல்லுக்கு எதற்கு?

ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்று அழைக்கிறார்கள். ஊட்டிக்குச் செல்லப் பையில் பணம் போதாதவன் சேலத்தில் பேருந்து ஏறுகிறான். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறான். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் குளிரைத் தொட்டுவிட்டு, மாலையே வீடு திரும்புகிறான். அந்தப் பெயர் நமக்குப் பிடித்திருக்கிறது. ஏழைக்கும் ஒரு மலை உண்டு, ஏழைக்கும் ஒரு குளிர்காற்று உண்டு என்று சொல்லும் பெயர் அது. சேர்வராயன் மலையின் மூடுபனி மாளிகையையும் குடிசையையும் ஒன்றாகத்தான் மூடுகிறது. அதற்குச் சாதி தெரியாது.

ஆனால், அந்த ஏழைகளின் மலையிலே, ஏழையின் அடுப்பிலே, ஏழையின் இறைச்சி வேகும்போது மட்டும் வாசற்கதவு சாத்தப்படுவது ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்கவே இன்று பேனாவை எடுத்தோம்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு தோழரின் அழைப்பை ஏற்று நாம் ஏற்காடு சென்றிருந்தோம். தோழர் இளைஞர், காப்பித் தோட்டத் தொழிலாளியின் மகன், படித்துப் பட்டம் பெற்றவர். மேடை ஏறினால் மனுவை மண்டியிட வைக்கும் நாவன்மை படைத்தவர். அதற்கு முந்திய வாரந்தான் சமவெளியில் நடந்த ஒரு கூட்டத்தில், உண்ணும் உணவை வைத்து உயர்வு தாழ்வு கற்பித்தவர்களை அவர் உரித்தெடுத்தார். கேட்டு நாமும் கை தட்டினோம். அத்தகையவர் வீட்டில் உண்ணப் போகிறோம் என்ற மகிழ்ச்சியோடு மலை ஏறினோம்.

தோட்டத்தின் ஓரத்திலே வரிசையாக நிற்கும் லைன் வீடுகளில் ஒன்று அவருடையது. வெளியே தூறல். உள்ளே, கவாத்துச் செய்த காப்பிக் குச்சிகள் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தன. அடுப்பின்மீது மூடி போட்ட மண்சட்டி. மிளகும் மல்லியும் சின்ன வெங்காயமும் சேர்ந்து எழுப்பிய மணம், மலை ஏறிய களைப்பை ஒரு நொடியில் போக்கிவிட்டது.

"என்னம்மா சமையல்?" என்று கேட்டோம்.

"கறிதான் கண்ணு" என்றார் தோழரின் தாயார்.

"என்ன கறி அம்மா?"

அவர் விடை சொல்லவில்லை. எழுந்து போனார், திறந்திருந்த வாசற்கதவைச் சாத்தினார், திரும்பி வந்து, அடுப்புக்கு மட்டும் கேட்கும் குரலில், "பெரிய கறி" என்றார். "மெதுவாப் பேசுங்க கண்ணு. பக்கத்துல புதுசா குடி வந்திருக்காங்க. அவங்க என்ன நெனப்பாங்களோ!"

நாம் தோழரைப் பார்த்தோம். மேடையில் மனுவை மண்டியிட வைத்த நாவலர், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய கறி! ஒரு சொல்லை விழுங்குவதற்காகப் பிறந்த இன்னொரு சொல் அது. ஆட்டுக்கறியை ஆட்டுக்கறி என்கிறோம். கோழிக்கறியைக் கோழிக்கறி என்கிறோம். மாட்டுக்கறிக்கு மட்டும் மறைபெயர் வேண்டியிருக்கிறது. திருடிய பொருளுக்கு மறைபெயர் இருக்கலாம். கள்ளச் சரக்குக்கு மறைபெயர் இருக்கலாம். உழைத்த காசைக் கொடுத்து, கடையில் நிறுத்து வாங்கி, தன் வீட்டு அடுப்பில் சமைக்கும் உணவுக்கு மறைபெயர் எதற்கு? அந்தத் தாய் எந்தக் குற்றத்தைச் செய்துவிட்டாள், தன் வீட்டுக் கதவைத் தானே சாத்திக்கொள்ள?

இதே மலையில் கதவு சாத்தாமல் இந்த உணவு சமைக்கப்பட்ட வீடுகளும் இருந்தன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியை நட்டார். அவருக்குப் பின்னால் வெள்ளைத் துரைமார்கள் வரிசையாக வந்தார்கள், காடு தோட்டமாயிற்று, தோட்டத்தின் நடுவே பங்களாக்கள் எழுந்தன. துரை உண்டது என்ன? மாட்டிறைச்சி. மசாலா தடவி, முழுத் துண்டாக வாட்டி, 'ரோஸ்ட்' என்று பெயர் சூட்டி, பீங்கான் தட்டில் வைத்து உண்டான். அதைச் சமைத்தவன் யார்? சென்னை மாகாணத்து வெள்ளையர் வீட்டுச் சமையற்கட்டுகளிலே மாட்டிறைச்சியைத் தொட மேல்சாதியார் மறுத்தார்கள். ஆகவே, தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களே பெரும்பாலும் அங்கே சமையற்காரர்களானார்கள். அவர்கள் கையால் ஆக்கியதை உண்ட துரைக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிடு போட்டார்கள். ஆக்கிய கைக்கோ, ஊர்க் கிணற்றில் தண்ணீர் இல்லை!

கவனியுங்கள் தோழர்களே! உண்டவன் ஒன்றுதான், ஆக்கியவன் ஒன்றுதான், பண்டமும் ஒன்றுதான். உண்டவனுக்குக் கும்பிடு, ஆக்கியவனுக்குத் தீட்டு. அப்படியானால் தீட்டு இறைச்சியில் இருந்ததா? இல்லை. மாட்டில் இருந்ததா? அதுவும் இல்லை. அதிகாரம் இருந்த இடத்தில் தீட்டு வாயை மூடிக்கொண்டது. அதிகாரம் இல்லாத இடத்தில் அது வாயைத் திறந்தது. அவ்வளவுதான் அதன் வேதாந்தம்.

இன்றும் அந்த வேதாந்தம் வேறு வேடத்தில் திரிகிறது. நட்சத்திர விடுதியில் ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டையைப் புரட்டி, 'பீஃப் ரோஸ்ட்' என்று சொல்லி வாங்கி உண்பவர் உலகம் அறிந்த நாகரிகர். அதையே லைன் வீட்டில் 'மாட்டுக்கறி வறுவல்' என்று தமிழில் சொல்லி உண்பவர் கீழ்மகன். ஆங்கிலத்தில் உண்டால் நாகரிகம், தமிழில் உண்டால் அநாகரிகமா? தாய்மொழியில் பெயர் சொல்லக் கூசும் உணவு ஒன்று தமிழன் வீட்டில் இருக்கிறதென்றால், கூச வேண்டியது உணவு அன்று, கூச்சத்தைக் கற்பித்தவர்கள்.

இனி, அந்தத் தாய் சமைத்த முறையைச் சொல்லப் போகிறோம். கொள்கை ஏட்டில் சமையற்குறிப்பா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வயிற்றைத் தொடாத கொள்கை வாயோடு நின்றுவிடும் என்பது நம் எண்ணம்.

ஆட்டிறைச்சி விற்கும் விலையில் பாதிக்கும் குறைவாக மாட்டிறைச்சி கிடைக்கிறது. அதிலும் கழுத்துக்கறி, நெஞ்சுக்கறி, முன்கால் சதை ஆகியவை இன்னும் மலிவு. உழைத்து உழைத்து இறுகிய பகுதிகள் அவை. அவசரக்காரன் வாயில் அவை தோலாக இழுபடும். ஆகவே 'மட்டக்கறி' என்று பெயர் வைத்து ஒதுக்குவான். ஆனால், மெல்ல வேக வைக்கத் தெரிந்தவனுக்கு அவற்றைவிடச் சுவையான பகுதி கிடையாது. காரணம் என்ன? அந்தச் சதைகளைப் பிணைக்கும் நார்களில் கொலாஜன் என்ற பொருள் மிகுதி. நீண்ட நேரம் ஈரத்தோடு சூடேறும்போது அது இளகி, ஜெலட்டினாக மாறி, குழம்புக்கு வழுவழுப்பையும் கறிக்கு மென்மையையும் தருகிறது. உழைத்த உடம்பின் இறுக்கம், பொறுமையான சூட்டில் இனிமையாகிறது. இதிலே மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை; விஞ்ஞானம் மட்டுமே உண்டு.

ஒரு கிலோ கறியை நான்கைந்து பெரிய துண்டுகளாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கைப்பிடி மல்லி, ஒன்றரை மேசைக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு துண்டு பட்டை, நான்கு கிராம்பு ஆகியவற்றை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து இடிக்க வேண்டும். மிளகை விலை கொடுத்து வாங்கினாலும் வெகுதொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களைப் பற்றிக்கொண்டு மிளகுக்கொடி இந்த மலையெங்கும் படர்ந்திருக்கிறது. இடித்த பொடியோடு மஞ்சள், உப்பு, அரைத்த இஞ்சி பூண்டு சேர்த்துக் கறியின் மேல் அழுத்தித் தடவி, இரண்டு மணி நேரம் மூடி வைக்க வேண்டும்.

பிறகு இரும்பு வாணலியில் எண்ணெய் காய்ந்ததும், துண்டுகளை நெருக்காமல் இட்டு, எல்லாப் பக்கமும் கருஞ்சிவப்பாகும்வரை வாட்ட வேண்டும். மணம் பிறப்பது இங்கேதான். வாட்டிய துண்டுகளைச் சட்டிக்கு மாற்றி, அதே எண்ணெயில் இரண்டு கை சின்ன வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் வதக்கி, ஒரு குவளை நீர் விட்டு, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கறியின் மேல் ஊற்ற வேண்டும். கறி நீரில் மூழ்கக் கூடாது. பாதியளவு நின்றால் போதும். மூடியை இறுக்கிவிட்டு, தணலைக் குறைத்துவிட்டு, வேறு வேலையைப் பார்க்கலாம்.

எவ்வளவு நேரம்? இங்கே மலை ஒரு பாடம் நடத்துகிறது. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையக் குறைய நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. சேலத்தில் ஏறத்தாழ 99 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், ஏற்காட்டில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கிறது. அதற்கு மேல் விறகை எவ்வளவு அடுக்கினாலும் நீரின் சூடு ஏறாது; விறகுதான் வீணாகும். ஆகவே சமவெளியில் இரண்டரை மணியில் வேகும் கறி, மலையில் மூன்று மணிக்கும் மேல் கேட்கும். "மலைக்காற்று ஆகாது, கறி வேகாது" என்று பழி போடுகிறவர்களுக்கு விடை இதுதான். விறகையும் எரிவாயுவையும் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் குக்கரை எடுக்கலாம். உள்ளே ஆவியின் அழுத்தம் சேர்ந்து சூடு 115 பாகையைத் தாண்டுவதால், முக்கால் மணியில் வேலை முடிகிறது. இறுதியில் மூடியைத் திறந்து, நீரைச் சுண்டவிட்டு, தேங்காய்ச் சில் சேர்த்துப் புரட்டி இறக்கினால், துரை உண்ட ரோஸ்ட் தோற்கும். அதே கறியில் ஒரு கிலோ உருளைக்கிழங்கையோ மேரக்காயையோ சேர்த்தால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இரு வேளை வரும். எலும்பைத் தனியே வேகவைத்தால் மறுநாள் காலைக்குச் சாறு. சட்டியில் எஞ்சும் குழம்பு மறுநாள் இட்லிக்குத் துணை.

ஏழைக் குடும்பத்தின் கணக்கில் இது சிறு செய்தியா? கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும் இரும்புச்சத்து இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர்கள். மருந்துக் கடையில் இரும்பைத் தேடுகிறோம்; அடுப்பில் இருக்கும் இரும்பைக் கதவு சாத்தி மறைக்கச் சொல்கிறோம். இது நலம் பேணும் நாட்டின் செயலா?

மருத்துவர் அளவோடு உண்ணச் சொன்னால் கேட்போம். அது அறிவின் குரல். அண்டைவீட்டார் அஞ்சி உண்ணச் சொன்னால் எதற்குக் கேட்க வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அரசியலமைப்பின் 48ஆம் பிரிவு, வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் புதிய அறிவியல் முறையில் அமைக்க வேண்டும் என்று தொடங்குகிறது. பசுவையும் கன்றையும் பால் தரும், ஏர் இழுக்கும் மாடுகளையும் கொல்வதைத் தடுக்க வேண்டும் என்று முடிகிறது. அறிவியலில் தொடங்கிய வாக்கியம் எங்கே போய் முடிந்தது பாருங்கள்! 1958இல் குரேஷி வழக்கில், பசுவதைத் தடையை ஏற்றுக்கொண்ட உச்சநீதிமன்றமே, பயன்படாத எருதையும் எருமையையும்கூட வெட்டக்கூடாது என்ற முழுத்தடை நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. மாட்டிறைச்சி ஏழையின் உணவு என்பதும் அந்த வழக்கில் எடைபோடப்பட்டது. 2005இல் வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த நிலையிலிருந்து விலகிச் சென்றது. ஏழையின் தட்டு தராசிலிருந்து நழுவிற்று.

நம் மாநிலத்தில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 10 வயதுக்கு மேற்பட்டு, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத மாட்டைச் சான்று பெற்று வெட்டலாம் என்கிறது. 1976 ஆகஸ்டில் வந்த ஓர் அரசாணை பசுவை வெட்டுவதைத் தடுத்தது. அந்த ஆண்டை மறந்துவிடாதீர்கள். நெருக்கடி நிலையின் ஆண்டு அது. மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி கலைக்கப்பட்டு, ஆளுநர் மாளிகையிலிருந்து தமிழ்நாடு ஆளப்பட்ட ஆண்டு. மக்கள் மன்றத்தைக் கேட்காமல் வந்த ஆணை, மக்கள் மன்றங்கள் பல வந்த பின்னும் நின்றது. அதைப் பற்றி வாய் திறக்காத குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

ஆயினும் இந்தச் சட்டங்கள் எவையும், நம் கடைகளில் விற்கும் எருது, எருமை இறைச்சியை வாங்குவதையோ வீட்டில் சமைப்பதையோ குற்றம் என்று சொல்லவில்லை. அந்தத் தாய் சாத்திய கதவைச் சட்டம் சாத்தவில்லை. வேறு ஏதோ சாத்தியது.

அது எது? 2015 செப்டம்பரில் உத்தரப்பிரதேசத்துத் தாத்ரி அருகே, வீட்டில் மாட்டிறைச்சி இருக்கிறது என்று கிளப்பிய வதந்தி ஒருவரின் உயிரைக் குடித்தது. மனிதன் மண்ணில் கிடந்தான். அவன் வீட்டு இறைச்சி ஆய்வுக்கூடத்துக்குப் பயணமாயிற்று! அது வடக்கே என்று ஆறுதல் கொள்ள முடியுமா? 2017 மே மாதத்தில், சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு விதி வகுத்தது. ஈரோட்டுக் கருங்கல்பாளையத்திலும் பொள்ளாச்சியிலும் கூடும் மாட்டுச் சந்தைகள் திகைத்தன. உழவனுக்கு உழைத்து ஓய்ந்த எருதை யார் வாங்குவார்? அது விற்ற காசில்தானே அவன் அடுத்த எருதை வாங்குவான்? தீவனம் போட முடியாதவன் அதைத் தெருவில் விடுவான். தெருவில் பசித்துச் சாவது புண்ணியமாம், சந்தையில் விலைபோவது பாவமாம்! அந்த மாத இறுதியில் மதுரையிலுள்ள உயர்நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்தது; ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் விரித்தது. அந்த விதியை எதிர்த்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டிறைச்சி உண்ட மாணவர் ஒருவர் கண்ணில் காயம்படத் தாக்கப்பட்டார். 2019 ஜூலையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில், மாட்டிறைச்சிச் சாறு குடிக்கும் படத்தை முகநூலில் இட்ட இளைஞர் அடித்து வீழ்த்தப்பட்டார். இவை நம் மண்ணில் நடந்தவை.

அடிப்பவனை அடையாளம் காண்பது எளிது. ஆனால் அடிக்காமலே ஒதுக்குகிறவனை? 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிருவாகம் திட்டமிட்டது. ஆம்பூர்! தோல் பதனிடும் ஊர். மாட்டிறைச்சிப் பிரியாணி மணக்கும் ஊர். அந்த ஊரின் திருவிழாவில் கோழிக்கும் ஆட்டுக்கும் இடம் உண்டு. மாட்டுக்கு இடம் இல்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. உணவை ஒதுக்குவது அதை உண்ணும் மக்களை ஒதுக்குவதாகாதா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. சரியான கேள்வி. இலையில் ஒரு பண்டத்தைத் தவிர்ப்பது வேறு. பந்தியில் ஒரு மக்களைத் தவிர்ப்பது வேறு. முதலாவது விருப்பம். இரண்டாவது தீண்டாமை.

அண்ணல் அம்பேத்கர் 1948இல் தீண்டாதார் யார் என்று ஆராய்ந்து எழுதிய நூலில், தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சி உணவோடு சேர்த்தே கண்டார். உலகெங்கும் மனிதன் தின்னும் ஒரு பண்டம், இங்கு மட்டும் மனிதனையே ஊருக்கு வெளியே தள்ளும் கோலாக மாறியது. பழந்தமிழன் இதை அறியாதவனா? அகநானூற்றைப் புரட்டுங்கள், கொழுத்த ஆவை உண்ட மழவர் அங்கே நடமாடுகிறார்கள். சங்கப் புலவர் மறைபெயர் சூட்டவில்லை, கதவையும் சாத்தவில்லை. தமிழ் மரபு, தமிழ் மரபு என்று முழங்கிக்கொண்டே ஏழையின் சட்டியை எட்டி உதைப்பவர்கள், அந்த ஏட்டை ஒரு முறையாவது திறந்து பார்க்கட்டும்.

உலகைப் பாருங்கள். சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் தேங்காய்ப்பாலில் மணிக்கணக்கில் சுண்டவைக்கும் மாட்டிறைச்சியை 'ரெண்டாங்' என்று உலகமே போற்றுகிறது. பிரான்சில் உழவர் வீட்டு அடுப்பில் மட்டக்கறியையும் கிழங்கையும் நாளெல்லாம் வேகவைத்த 'பொத்தோஃப்' இன்று அந்நாட்டின் பெருமை. பக்கத்துக் கேரளத்தில் தேங்காய்ச் சில்லோடு புரளும் மாட்டுக்கறி, வந்த விருந்தினருக்குப் பெருமையோடு படைக்கும் பண்டம். எங்கும் ஏழைதான் மட்டக்கறியை மெல்ல வேகவைக்கக் கற்றான். அங்கே அது நாட்டின் பெருமையாயிற்று. இங்கே வீட்டின் இரகசியமாயிற்று. இத்தனைக்கும், உலகுக்கு எருமை இறைச்சியை ஏற்றுமதி செய்யும் நாடுகளின் முன்வரிசையில் இந்தியா நிற்கிறது! அயல்நாட்டான் தின்றால் டாலர். அயல்வீட்டான் தின்றால் தீட்டு.

"ஜீவகாருண்யம் என்று ஒன்று இல்லையா?" என்று கேட்பார்கள். உண்டு. எந்த உயிரையும் உண்ணாதவரின் இரக்கத்தை நாம் மதிக்கிறோம். அவர் இலையில் ஒரு துண்டை வைக்கவும் நாம் துணியோம். ஆனால் ஆட்டைக் கண்டால் உறங்கி, கோழியைக் கண்டால் குறட்டை விட்டு, மாட்டைக் கண்டால் மட்டும் விழித்துக்கொள்ளும் இரக்கத்தை நாம் நம்ப மாட்டோம். மாட்டுக்கு இரங்கி மனிதனை அடிப்பது இரக்கத்தின் இலக்கணத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

நம் பக்கத்திலும் ஒரு மயக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். மாட்டுக்கறி தின்றவனெல்லாம் புரட்சிக்காரன் என்று எண்ணுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அப்படியானால் ஏற்காட்டுத் துரைமார் அல்லவா முதல் புரட்சிக்காரர்கள்! தலைமுறை தலைமுறையாக அவர்கள் தின்றார்கள்; தோட்டத்துக் கூலி ஏறியதா? லைன் வீடு மாளிகையாயிற்றா? சாதி சாய்ந்ததா? தின்பதால் மட்டும் சாதி சாகாது. கூசாமல் தின்பவனைக் கூசவைக்கும் ஏற்பாடு சாகும்போதுதான் அது சாகும். விழா எடுத்து ஒரு நாள் தின்றுவிட்டு, வீட்டுக்குள் அந்தச் சட்டியை நுழையவிடாத தோழனால் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு கீறலும் விழாது.

ஆம், தோழனே, உன்னைத்தான் கேட்கிறோம். கூட்டம் முடிந்த இரவில் தள்ளுவண்டி ஓரத்தில் நண்பர்களோடு நின்று உண்கிறாய். வீட்டுக்குப் போகும்முன் வாயைக் கொப்புளித்துக்கொள்கிறாய். வாடகைக்கு வீடு தேடும்போது, "அதெல்லாம் நாங்கள் சமைப்பதில்லை" என்று உரிமையாளரிடம் பல்லிளிக்கிறாய். உன் வீட்டில் அந்த உணவு இயல்பாகவே இருந்தால், அதை ஆக்கும் வேலையைத் தாயின் தலையில் போட்டுவிட்டு மேடைக்குப் போகிறாய். கதவு சாத்தும் அவமானத்தையும் அவளிடமே விட்டுச் செல்கிறாய். உன் முழக்கத்தின் ஒலி பொதுக்கூட்டத்தின் கடைசி வரிசைவரை கேட்கிறது. உன் வீட்டுச் சமையற்கட்டுக்கு ஏன் கேட்கவில்லை?

ஆகவே நாம் கேட்பது பெரிய தியாகம் அன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு நீ போ. மடித்துச் சுற்றிய கறுப்புப் பையில் அன்று, மற்றக் கறிகளை எடுத்துவரும் அதே பையில் வாங்கி வா. கழுவுவது நீ, மசாலா இடிப்பது நீ, வெங்காயம் உரித்துக் கண் கலங்குவதும் நீயே ஆகட்டும். தாயை உட்காரச் சொல். மூன்று மணி நேரம் அடுப்பைக் காத்திரு. மேடையில் மூன்று மணி நேரம் பேசுவதைவிட அது கடினம் என்று அப்போது தெரியும். பக்கத்து வீட்டார் "என்ன சமையல்?" என்று கேட்டால், குரலைத் தாழ்த்தாமல், உயர்த்தாமல், "மாட்டுக்கறி; சாப்பிட வருகிறீர்களா?" என்று கேள். உண்பவர் என்றால் இலை போடு. உண்ணாதவர் என்றால் மோர் கொடு. இரண்டுமே விருந்தோம்பல்தான்.

உன் வீட்டார் உண்ணாதவர்களா? வற்புறுத்தாதே. ஆனால் உண்பவர் உன் வீட்டுக்கு வரும்போது தனிக்குவளை எடுக்காதிருக்கச் சொல். உனக்கு வீடு இருந்தால், வாடகைக்கு வருபவரிடம் அடுப்பைப் பற்றிக் கேட்காதே. பொதுவிருந்து நடத்தும் பொறுப்பு உன் கைக்கு வந்தால், ஆம்பூரில் விட்ட இடத்தை நினைத்துக்கொள்.

ஏற்காட்டில் அன்று என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பேசிக்கொண்டேயிருந்த தோழர் பேச்சை நிறுத்தினார், எழுந்தார், சாத்திய கதவைத் திறந்தார். "அடேய், காத்து வருது, அடுப்பு அணைஞ்சிடும்" என்றார் தாயார். அவர் அஞ்சியது காற்றுக்கு அன்று என்பது மூவருக்கும் தெரியும். கதவு திறந்தே இருந்தது. மணம் வாசலைத் தாண்டிப் போயிற்று. சற்று நேரத்தில், புதிதாகக் குடிவந்த வீட்டுச் சிறுவன் ஒருவன் வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தான். "என்ன ஆயா வாசம்?" என்றான். தாயார் மகனைப் பார்த்தார். பிறகு சிறுவனைப் பார்த்தார்.

"மாட்டுக்கறிடா கண்ணு" என்றார்.

வானம் இடிந்து விழவில்லை. சேர்வராயன் மலை அசையவும் இல்லை. சிறுவன் அம்மாவைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி ஓடினான். அவன் திரும்பி வந்தானா என்பது முக்கியம் அன்று. அந்தத் தாயின் வாயில் அந்தச் சொல் வந்தது, அதுவே முக்கியம்.

மட்டக்கறி மென்மையாக வேண்டுமானால் சட்டியை இறுக மூடத்தான் வேண்டும். சட்டிக்கு மூடி தேவை. சொல்லுக்கு மூடி தேவையில்லை. அதைக் கழற்றுவோம், தோழர்களே. அவரவர் வீட்டு அடுப்பிலிருந்தே கழற்றுவோம்!